சடுகுடு ஆடும் மகளுக்கு இருபது நிமிஷம்

எங்கள் வடகரைப் பக்கம் சாரல் ஓய்ந்து மண் கொஞ்சம் இறுகினால் போதும், கபடிப் போட்டி நோட்டீஸ் சுவரில் ஏறிவிடும். கோயில் கொடையோ பொங்கலோ, "மாபெரும் மின்னொளிக் கபடிப் போட்டி" இல்லாமல் முடியாது. அனுமன் நதிக்கரையில் நாங்கள் பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் இதற்குச் சடுகுடு என்றுதான் பெயர். ஆம்பிளைப் பிள்ளைகள் ஆடுவார்கள், நாங்கள் வரப்பில் உட்கார்ந்து பார்ப்போம். இப்போது பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகளுக்கென்றே தனி அணி இருக்கிறது. தலையை இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டிக்கொண்டு, டிராக் பேண்ட்டும் பனியனுமாக அவர்கள் களத்தில் இறங்குவதைப் பார்த்தால் நமக்கே உடம்பு சிலிர்க்கிறது.

1994-ல் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய கபடி அணியில் நம் தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கணேசன் இருந்தார் என்று எங்கள் வீட்டு ஆண்கள் இன்றைக்கும் பெருமை அடித்துக்கொள்வார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்ததை டி.வி.யில் பார்த்த பிறகு, பெண்களாகிய எங்களுக்கும் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அந்த வாரம் எங்கள் தெருவில் அடிபம்படியில் அந்தப் பேச்சுத்தான்.

ஒரு பக்கம் பெருமை, இன்னொரு பக்கம் வயிற்றில் நெருப்பு. என் மூத்தார் மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். பாடிப் போய்க் கோட்டைத் தொட்டுவிட்டுச் சட்டென்று திரும்பியிருக்கிறாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை, தள்ளவில்லை. ஊன்றின கால் அப்படியே நிற்க, முழங்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. "சித்தி, உள்ளுக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுது" என்றாள். ஒரு மணி நேரத்தில் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்ததில் முழங்காலுக்குள்ளே குறுக்காக ஓடும் ஜவ்வு கிழிந்திருந்தது. டாக்டர்கள் இதை ஏ.சி.எல். என்கிறார்கள். ஆபரேஷன், கையில் ஊன்றுகோல், மாசக்கணக்கில் பயிற்சி எல்லாம் ஆயிற்று. இப்போது நன்றாக நடக்கிறாள், மாடி ஏறுகிறாள். கபடி என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

என் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பு. அவளும் அதே ஆட்டம். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று வந்து நின்றாள். என் மாமியார் உடனே, "பொட்டப்பிள்ளைக்குக் காலு போச்சுன்னா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? இந்த ஆட்டமும் வேண்டாம், கூத்தும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பேத்தி ஒருத்தி படுத்துக் கிடந்ததைக் கண்ணால் கண்டவர்கள். என் வீட்டுக்காரரோ, "நீயே ஒரு முடிவு பண்ணு" என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். பரிசு வாங்கி வந்தால் அவர் மகள், கஷ்டமான முடிவு என்றால் என் மகள்! எல்லா வீட்டிலும் இப்படித்தானோ என்னவோ.

அந்தச் சமயத்தில்தான் குற்றாலத்தில் குளிக்க வந்த சாக்கில் என் அண்ணன் மகன் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினான். பிஸியோதெரபி படிக்கிறவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அத்தை, ஆட வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னால அவ ஆடுறதுக்கு முன்னாடி என்ன பண்றான்னு பாத்தீங்களா?" என்றான்.

"என்ன பண்ணுவாங்க? கிரவுண்டை ரெண்டு சுத்துச் சுத்துவாங்க, குனிஞ்சு கால் விரலத் தொடுவாங்க, கையச் சுழட்டுவாங்க" என்றேன்.

"அதான் விஷயமே" என்று சொல்லி, இங்கிலாந்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து எடுத்த ஒரு கணக்கை எனக்கு விளக்கினான். நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். ஆனாலும் மளிகைக் கணக்குப் பார்க்கிற புத்திக்கு இது புரியாமல் போகவில்லை. குறுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அது ரக்பி ஆட்டத்தைப் பற்றினது. முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எதிராளிகள் இடுப்பையும் காலையும் கட்டிப் பிடித்துச் சாய்ப்பார்கள். நம் பக்கத்து இலங்கையில் பள்ளிப் பையன்கள் ஆடும் ரக்பிக்குப் பெரிய மவுசு. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக 1945-லிருந்து மோதி வருகின்றன. ஓடுவது, திரும்புவது, கட்டிப் பிடிப்பது, மேலே விழுவது என்று பார்த்தால் நம் கபடிக்குக் கிட்டத்தட்டப் பங்காளி முறை.

இங்கிலாந்தின் ரக்பிச் சங்கமும் பாத் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2015-ல் 40 பள்ளிகளை எடுத்துக்கொண்டன. 14 வயசிலிருந்து 18 வயசு வரை உள்ள பையன்கள். சீட்டுப் போட்டு எடுப்பது போல் பள்ளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். இரண்டு கூட்டத்துக்குமே ஆட்டத்துக்கு முன் வார்ம்-அப் உண்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் பிடிக்கும். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்றுமே செய்யாதவனையும் செய்தவனையும் ஒப்பிட்டால் யார் ஜெயிப்பார் என்று நமக்கே தெரியுமே! இங்கே இரண்டு அடுப்பிலும் சாம்பார்தான் கொதிக்கிறது, போட்ட சாமான் மட்டும் வேறு. ஒரு கூட்டம் வழக்கமான ஓட்டமும் கை கால் நீட்டலும் செய்தது. இன்னொரு கூட்டம் ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து இறங்குவது, திசை மாறுவது, கால் தசைக்கும் கழுத்துக்கும் பலம் தருவது என்று 20 நிமிஷப் பயிற்சி செய்தது. சில வாரங்களுக்கு ஒரு தடவை கொஞ்சம் கடினமாக்கிக்கொண்டே போனார்கள்.

2017-ல் முடிவு வெளியானது. புதுப் பயிற்சி கொடுத்த பள்ளிகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால், எல்லாக் காயங்களும் அடங்கிய கணக்கில் தெளிவாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. தலை, கழுத்துக் காயம் 28 சதவீதமும், தோள், கைக் காயம் 34 சதவீதமும் குறைந்திருந்தன. ஆனால் வாரத்துக்கு மூன்று தடவையாவது விடாமல் செய்த அணிகளைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது மேட்ச்சில் பட்ட காயங்கள் 72 சதவீதம் குறைவு. தலையில் அடிபட்டு மூளை கலங்குவது 59 சதவீதம் குறைவு. நூறு காயம் பட்டிருக்க வேண்டிய இடத்தில் 28 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் விடவில்லை. "ஏம்பா, வாரம் மூணு நாள் தவறாமச் செய்ய வைக்கிற பள்ளிக்கூடம் மத்ததுலயும் ஒழுங்காத்தானே இருக்கும்? நல்ல வாத்தியார் இருப்பார், பிள்ளைகளும் சொன்ன பேச்சு கேக்கும். அதனாலயும் காயம் குறைஞ்சிருக்கலாமே?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "வாஸ்தவம் அத்தை, அந்த 72-ல அதுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டான். ஆகவே 72 என்ற எண்ணை அப்படியே தாலிக்கொடி மாதிரி கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டாம். வாரம் ஒரு நாள் பேருக்குச் செய்தால் பெரிசாகப் பலன் தெரியாது, மூன்று நாள் செய்தால் தெரிகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

"அதெல்லாம் பையன்கள். பொண்ணுங்களுக்கு?" என்றேன். ஜவ்வு கிழிவதில் பெண் பிள்ளைகளுக்கு, அதே ஆட்டம் ஆடும் பையன்களைவிட, இரண்டு மூன்று மடங்கு ஆபத்து அதிகமாம். வயசுக்கு வரும் காலத்தில் உயரம் சட்டென்று கூடுகிறது, இடுப்பு அகலுகிறது, தொடைப் பலம் அதற்கு ஈடாக ஏறுவதில்லை. குதித்து இறங்கும்போது முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சாய்கிறது.

இதற்கும் கணக்கு இருக்கிறது. நார்வே நாட்டில் கால்பந்து ஆடும் 13 முதல் 17 வயசுப் பெண்கள் 1892 பேரை, 125 கிளப்புகளிலிருந்து எடுத்து, எட்டு மாசம் கவனித்தார்கள். உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் பெயரில் வந்த இந்த 20 நிமிஷப் பயிற்சிக்கு '11 பிளஸ்' என்று பெயர். 2008-ல் வெளிவந்த முடிவின்படி மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பல வாரம் படுக்க வைக்கும் பெரிய காயங்கள் கிட்டத்தட்டப் பாதி. காலில் பட்ட காயங்களை மட்டும் பார்த்தால் 29 சதவீதம் குறைவாகத் தெரிந்தாலும், அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று அவர்களே ஒளிக்காமல் எழுதிவிட்டார்கள்.

ஸ்வீடனில் இன்னும் பெரிசாகச் செய்தார்கள். 12 முதல் 17 வயசுப் பெண்கள் 4564 பேர். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் 15 நிமிஷம், முழங்காலைக் காக்கும் ஆறே பயிற்சிகள். என் மூத்தார் மகளுக்குக் கிழிந்த அதே ஜவ்வு, பயிற்சி செய்த கூட்டத்தில் 7 பேருக்குக் கிழிந்தது, செய்யாத கூட்டத்தில் 14 பேருக்கு. செய்த கூட்டம் பெரிசு என்பதால் ஆடின நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால் 64 சதவீதம் குறைவு என்று 2012-ல் வெளியிட்டார்கள். இதில் என் மனசுக்குத் தெம்பு தந்தது வேறொன்று. நாலாயிரத்து ஐந்நூறு பெண்கள் ஒரு சீசன் முழுக்க ஆடினதில் மொத்தமே 21 பேருக்குத்தான் அந்த ஜவ்வு கிழிந்திருக்கிறது. கபடி என்றாலே கால் போய்விடும் என்று நான் இராத்திரி தூங்காமல் கிடந்தது எங்கே, இந்தக் கணக்கு எங்கே! ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இவையெல்லாம் ரக்பிப் பையன்களையும் கால்பந்துப் பெண்களையும் பற்றிய கணக்குகள், கபடிப் பிள்ளைகளை எண்ணிப் போட்டவை அல்ல. முழங்காலும் கணுக்காலும் எல்லா ஆட்டத்துக்கும் ஒன்றுதானே என்ற நியாயத்தில்தான் நான் இதை எடுத்துக்கொண்டேன்.

சரி, அந்த இருபது நிமிஷத்தில் என்னதான் செய்கிறார்கள்? அண்ணன் மகன் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே என் மகளை நிற்க வைத்துக் காட்டினான். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முதலில் ஓட்டம். சுற்றிச் சுற்றி ஓடுவது இல்லை. முன்னே, பின்னே, பக்கவாட்டில், தோளோடு தோள் லேசாக இடித்துக்கொண்டு என்று ஏழெட்டு நிமிஷம். மூச்சு வாங்க வேண்டும், களைப்பு தட்டக் கூடாது.

அடுத்து ஒற்றைக்காலில் நிற்பது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி அரை நிமிஷம், பிறகு அடுத்த கால். பார்க்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். எதிரே ஒருத்தி பந்தை வீசி, இவள் பிடித்துத் திருப்பிப் போட வேண்டும் என்று வையுங்கள், அப்போது தெரியும் சங்கதி. என் மகள் முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் தள்ளாடிவிட்டாள். இடது காலில்தான் தள்ளாட்டம் அதிகம். அந்தக் கணுக்கால் முன்பு ஒரு தடவை பிசகியிருந்தது. ஒரு தடவை பிசகின கணுக்கால்தான் மறுபடி மறுபடி பிசகும் என்றும், இந்த நிற்கும் பயிற்சி அதற்குத் தனியாகவே நல்லது என்றும் சொன்னான்.

உட்கார்ந்து எழும் பயிற்சியை நாம் எல்லோரும் அறிவோம். பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணம்தான், காதைப் பிடிக்க வேண்டாம், முழுக்க உட்காரவும் வேண்டாம். நாற்காலியில் உட்காருவது போல் பின்னால் சாய்ந்து பாதி வரை இறங்கினால் போதும். இதில் அம்மாமார் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. எதிரே நின்று பாருங்கள். முழங்கால் பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக நிற்கிறதா, அல்லது உள்ளே சாய்ந்து பெருவிரலையும் தாண்டிப் போகிறதா? உள்ளே சாய்கிற பிள்ளைக்குத்தான் இந்தப் பயிற்சி ரொம்ப அவசியம். படிப்பு வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். என் மகளுக்குச் சாய்ந்தது. அதைப் பார்த்த நிமிஷம் எனக்கு மூத்தார் மகள் நினைவு வந்து அடிவயிறு கலங்கியது உண்மை.

குதித்து இறங்குவதும் அதே மாதிரிதான். இரண்டு காலால் மேலே எம்பி, பூனை இறங்குவது போல் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். 'தொம்' என்று சத்தம் கேட்டால் முழங்கால் மடங்கவில்லை, பாரம் முழுக்க எலும்பில் இறங்குகிறது என்று அர்த்தம். நான் அடுப்படியில் இருந்தபடியே காதால் கேட்டுத் திருத்தினேன். "ஏளா, தொம்முனு கேக்கு!" என்றால் அவளே சிரித்துக்கொண்டு மறுபடி குதிப்பாள். அது கைவந்த பிறகு பக்கவாட்டில் குதிப்பது, ஒற்றைக்காலில் இறங்குவது என்று ஏற்றிக்கொண்டு போகலாம். அதன் பிறகு ஓடிவந்து, சின்னச் சின்ன அடியாக வைத்து, முழங்காலை மடக்கித் திசை மாறுவது. பாடிப் போய்த் திரும்புகிற பிள்ளைக்கு உயிர்நாடி இதுதான்.

தொடையின் பின்பக்கத்துக்கு ஒரு பயிற்சி உண்டு. மெத்தையிலோ மடித்த ஜமுக்காளத்திலோ மண்டியிட்டு நிற்க வேண்டும். பின்னால் ஒருத்தி இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். உடம்பை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாய்ந்து, இனி தாங்காது என்னும்போது கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் மூன்று முதல் ஐந்து தடவைக்கு மேல் வேண்டாம். மறுநாள் தொடை வலிக்கும், இரண்டு வாரத்தில் பழகிவிடும். வயிற்றுக்கும் முதுகுக்கும் முழங்கைகளை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்துவது, இருபது முப்பது எண்ணும் வரை.

கழுத்துக்கு நெற்றியில் கையை வைத்துத் தலையால் கையைத் தள்ளுவது, தலை அசையாமல் ஐந்து எண்ண வேண்டும். பிறகு பின்னந்தலையில், பிறகு இரு பக்கமும். ரக்பிக்காரர்கள் சேர்த்த அம்சம் இது. சங்கிலி போட்டுப் பிடிக்கும்போது தலையும் தலையும் மோதுகிற நம் ஆட்டத்துக்கும் வேண்டியதுதான். எங்கள் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே இதற்கு மட்டும் எண்ணிக்கை சொல்வார்கள். ஆட்டம் வேண்டாம் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை, ஆனால் எண்ணிக்கையை மட்டும் விடுவதில்லை.

குனிந்து கால் விரலைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் அப்படியே நிற்கிறார்களே, அதைப் பற்றியும் கேட்டேன். உடம்பு வளைய நல்லதுதான், ஆட்டம் முடிந்த பிறகு செய்யலாம். ஆட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரு நிமிஷத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் தசையின் வேகம் கொஞ்ச நேரத்துக்கு மட்டுப்படுகிறது. அது மட்டும் காயத்தைத் தடுத்துவிடாது.

வீட்டில் ஒருத்தி செய்தால் போதுமா? இரண்டு பேர் சேர்ந்து செய்கிற பயிற்சி பாதி. அதனால் அணியிலுள்ள மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வெறுங்கையோடு போகாமல் ஒரு நோட்டுத் தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனோம். விளையாட்டு ஆசிரியர் கோபிக்கவில்லை. "அம்மா, எத்தனையோ கிளாசுக்கு நான் ஒரு ஆளு. இருக்கிறதே ஒரு மணி நேரம். அதுல இருபது நிமிஷம் இதுக்குப் போனா ஆட்டம் எப்பச் சொல்லிக் கொடுக்க?" என்றார். நியாயமான கேள்வி. எங்களோடு வந்த ஒரு அக்கா பட்டென்று கேட்டாள்: "ஸார், குதிச்சு இறங்குறதும் ஓடித் திரும்புறதும் ஆட்டம்தானே? கிரவுண்டு சுத்துறதுக்குப் போற நேரத்த இதுக்குக் கொடுங்களேன்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அணித் தலைவியாக இருக்கும் பெண்ணே முன்னால் நின்று நடத்தட்டும், நான் முழங்காலைப் பார்த்துத் திருத்துகிறேன் என்றார். திங்கள், புதன், வெள்ளி என்று முடிவாயிற்று. அவர் வராத நாளிலும் பிள்ளைகள் தாங்களே செய்துவிடுகிறார்கள். இது எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். எல்லா இடத்திலும் இப்படி அமையாது என்று தெரியும். அமையாத இடத்தில் நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒரு வீட்டு மொட்டை மாடியில் செய்துகொள்ளலாம், காசு செலவில்லை.

சில நடைமுறைச் சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் பிறந்தால் ஆகஸ்ட் வரை எங்களுக்குச் சாரல். மண் வழுக்கும். அந்த நாட்களில் குதிக்கும் பயிற்சியைக் களத்தில் செய்ய விடாதீர்கள், வராந்தாவில் செய்யட்டும். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் தண்ணீருமாவது உள்ளே போகட்டும். மாதவிலக்கு நாட்களில் செய்யலாமா என்று பிள்ளைகள் கேட்க வெட்கப்படுவார்கள், நாமாகச் சொல்ல வேண்டும். உடம்புக்கு முடிந்தால் தாராளமாகச் செய்யலாம், வயிறு வலித்தால் அன்றைக்கு விட்டுவிடலாம். அதற்குள்ளே ஒரு தோஷமும் இல்லை. முக்கியமாக, பரீட்சை வந்தால் ஒரு மாசம் நின்றுவிடும். திரும்ப ஆரம்பிக்கும்போது விட்ட இடத்திலிருந்து பிடிக்காமல் சுலபமானதிலிருந்து தொடங்க வேண்டும்.

இத்தனை செய்தாலும் காயமே படாது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. மேலே நாலு பேர் விழுந்தால் விழுந்ததுதான். ஆகையால் அடிபட்டால் என்ன செய்வது என்பதையும் அம்மாமார் அறிந்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கத்தோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. கால் மடங்கினது என்றதும் எண்ணெயைக் காய்ச்சிச் சுளுக்கு எடுக்கிறவரிடம் கூட்டிக்கொண்டு ஓடுகிறோம். சாதாரணத் தசைப்பிடிப்புக்கு நீவி விடுவதில் தப்பில்லை. ஆனால் உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டது, சில மணி நேரத்தில் வீங்கிவிட்டது, காலை ஊன்ற முடியவில்லை, நடக்கும்போது முழங்கால் நழுவுகிறது என்று பிள்ளை சொல்கிறாள் என்றால் கையே வைக்கக் கூடாது. நீவுவதும் இழுப்பதும் உள்ளே இருக்கிற சேதத்தைக் கூட்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து இருபது நிமிஷம் வைத்து, காலைத் தலையணை மேல் உயர்த்தி, எலும்பு மூட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வீக்கம் தானாக வடிந்துவிட்டது, வலியும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஜவ்வு கிழிந்த முழங்காலில்கூட சில வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். அந்தத் தைரியத்தில் மறுபடி களத்தில் இறங்கினால்தான் உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் கெடுகிறது. ஆபரேஷன் ஆன பிள்ளை ஒன்பது மாசமாவது ஆகாமல், டாக்டர் சோதித்துச் சொல்லாமல் ஆடக் கூடாது. "நல்லாத்தான ஓடுதா" என்று நாம் சொல்வது கணக்கில்லை.

தலையில் அடி என்றால் இன்னும் ஜாக்கிரதை. மயக்கம் போட்டு விழுந்தால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். தலைசுற்றல், வாந்தி, கண் கூசுதல், ஸ்கோர் எவ்வளவு என்று கேட்டால் விழிப்பது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் அதோடு சரி. இறுதிப் போட்டியாக இருந்தாலும் சரி, பரிசுக் கோப்பை மேஜையில் காத்திருந்தாலும் சரி, பிள்ளையை வெளியே கூப்பிட்டுவிடுங்கள். வாந்தி நிற்கவில்லை, தூக்கத்தில் எழுப்பினால் எழவில்லை, தலைவலி ஏறிக்கொண்டே போகிறது என்றால் விடியட்டும் என்று காத்திராமல் இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மின்னொளிப் போட்டிகள் நடுச்சாமத்துக்கு முடிகின்றன, அந்நேரம் எங்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. அதனால் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பும்போதே யார் வீட்டு வண்டி தயாராக இருக்கும், யார் ஓட்டுவார் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறோம். வண்டி இல்லாவிட்டால் 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். அந்த எண்ணை எங்கள் பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.